மேக்கணக்குக்கு நடந்த பங்குனி

மார்ச் 27, வெள்ளி

வெயில். பத்து மணிக்கே தகரம் காயுது. மாத்தளை டவுனுக்குள்ள காத்துன்னு ஒண்ணு இல்லவே இல்ல. துணி துவைச்சாச்சு. உளுந்து ஊறப் போட்டது. பல்லு வலி பரவாயில்ல.

பின் வளவு எரபது மரத்துல, முள்முருங்கைதான், பூ முடிஞ்சிட்டு. வீட்டுக்கார அம்மா காலையில கூட்டித் தள்ளுறாங்க. செவப்பா, ஈரமா, குவியல் குவியலா.

இங்க பூ கொட்டினா, கொஞ்சம் மேல ரத்தோட்டையில பூ நிறைஞ்சு நிக்கும். எங்க மேக்கணக்குல, தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன்ல, இப்பதான் மொட்டு. கல்யாணம் முடிச்ச வருஷம் பங்குனியில பஸ் ஓடல, ஏதோ ஸ்ட்ரைக். டவுன்ல இருந்து மேக்கணக்கு வரைக்கும் இவரும் நானும் நடந்தே போனோம். வழியெல்லாம் இவர் மரத்தைக் காட்டிக் காட்டி, "பாரு மகேஸ், பூ நம்ம கூடவே ஏறுது"ன்னு சொல்லிக்கிட்டே வந்தார். அதுக்குப் பிறகு பஸ் இருந்தாலும் பங்குனிக் கடைசியில ஒரு தடவை நடக்கிறது. துஷா வயித்துல இருந்தப்ப மட்டும் போகல.

இந்த வருஷம் அந்தப் பேச்சே எடுக்கல ரெண்டு பேரும்.

கார்த்திகை மழையில மலை சரிஞ்ச பிறகு மேல போகவே இல்ல. எங்க வீடு நிக்குது. எங்களுக்குக் கீழ இருந்த வீட்டு வரிசை இல்ல. எங்க கதவுல சிவப்புத் தாள் ஒட்டி, இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. அப்ப வந்ததுதான் இந்த வாடகை அறை. ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவர்.

கிராம சேவகர், ஜி.எஸ்., நேத்து போன் எடுத்திருக்கார். நாவுலைப் பக்கம் காணி குடுக்கிறாங்களாம். வேணுமா வேணாமான்னு வருஷப் பிறப்புக்கு முந்தி சொல்லணும்.

சோத்துல கைய வச்சிக்கிட்டு இவர் சொல்றார்: "பொதுக் கெணறு இருக்கு. கரண்ட் இருக்கு. தார் ரோட்டுக்குப் பக்கம். தட்டை நிலம் மகேஸ், பயமில்லாம படுக்கலாம்."

ஏதோ பலசரக்குக் கணக்கு சொல்ற மாதிரி.

"நாளைக்கு நான் நடக்கப் போறேன்"னேன்.

"எங்க?"

"எங்கயா? பங்குனி முடியப் போகுது. வீட்டுக்கு."

இவர் கை கழுவிட்டுப் போய் கட்டிலுக்கு அடியில சப்பாத்து தேடினார்.

எடுக்க வேண்டியது: வீட்டுச் சாவி. மாற்றுச் சேலை. பொலித்தீன். அட்டை கடிக்காம இருக்க சவர்க்காரமும் உப்பும். பெனடோல். இந்தக் கொப்பி. விளக்குமாறு மேல இருக்கும்.

துஷா கொழும்பில இருந்து கூப்பிட்டா. "அம்மா, அப்பாவுக்குத்தான் மூளை இருக்கு, உங்களுக்கு எங்க போச்சு?" வச்சிட்டேன். பாவம், பயத்துல பேசுறா.


மார்ச் 28, சனி. ரத்தோட்டை

விடியும்போது கிளம்பினோம். பனி. ஆத்துல தண்ணி குறைவு, கல்லு கல்லா தெரியுது. கார்த்திகையில இதே ஆறு பாலத்துக்கு மேல போச்சு. வேலியில இன்னும் பிளாஸ்டிக் தொங்குது.

டவுன் தாண்டினதும் றப்பர். இலை உதிர்ந்து புதுசு வந்திருக்கு. செம்பு நிறத்துல, மினுமினுன்னு, குழந்தைக் காது மாதிரி வெளிச்சம் உள்ள போயி வருது. இலவங்காய் வெடிச்சு ரோட்டெல்லாம் பஞ்சு. மஞ்சள் வண்ணத்துப்பூச்சி கூட்டம் கூட்டமா ஒரே பக்கமா போகுது. சிவனொளிபாத மலைக்குப் போகுதுங்கன்னு சொல்வாங்க. குயில் எங்கேயோ. ஒண்ணு நிறுத்தினா இன்னொண்ணு.

எல்லாம் அழகாத்தான் இருக்கு. பாக்கப் பாக்க எரிச்சல். நவம்பர்ல அப்படிச் செஞ்சிட்டு இப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி பூத்துக்கிட்டு நிக்குது.

இவர் முன்னால. வழக்கமா வாய் ஓயாது: இது கொக்கோ, இது சாதிக்கா, இந்த மிளகுக் கொடிக்கு வயசு என்ன இருக்கும் சொல்லு பாப்போம். இன்னைக்கு எந்த மரத்துக்கும் பேர் இல்ல. பேசினது இவ்வளவுதான்: "சப்பாத்து கடிக்குது." "தண்ணி இருக்கா?" "ஓரமா வா."

ஓட்டோக்காரப் பையன் ஒருத்தன் நிறுத்தி, "அன்டி, எங்க யாத்திரையா? ஏறுங்க, காசு வேணாம்." சிரிச்சுட்டு அனுப்பினேன். பஸ்ல இருந்து யாரோ ஒரு பொம்பளை பக்கத்து ஆளுக்குச் சொல்றது கேட்டது: "அவங்க மேல மலை சரிஞ்ச ஆளுங்க." அதுதான் இப்ப எங்க பேர்.

ரத்தோட்டையில பூ நிறைஞ்சு நிக்குது. ஒரு இலை கிடையாது, மரம் முழுக்கச் செவப்பு. மைனாவுக்கும் கிளிக்கும் சண்டை. கொஞ்ச நேரம் நின்னேன். இவரும் நின்னார். மேல பாக்கல, நிழலுக்கு நின்னார்.

ராத்தங்கல் நஸீமா ராத்தா வீட்ல. எங்க மிளகு எல்லாம் அவங்க கடைக்குத்தான் போடுறது, எத்தனையோ வருஷப் பழக்கம். வாசல்ல கண்டதும் கையப் பிடிச்சிக்கிட்டாங்க.

"என்னத்துக்கு புள்ள இந்த வெயில்ல நடந்து வாரீங்க? பஸ் ஈக்கிதே!"

"சும்மாதான் ராத்தா. வருஷா வருஷம் வாறதுதானே."

"இந்த வருஷமுமா?" அதோட விட்டுட்டாங்க. பெருநாளைக்குச் செஞ்ச வட்டிலப்பம் கொஞ்சம் எடுத்து வச்சிருந்தாங்க, ஃப்ரிட்ஜ்ல. சோறு, பலாக்காய் ஆணம், கருவாட்டுப் பொரியல். இவர் நல்லா சாப்பிட்டார். எனக்கு அதுவும் கோபம்.

குசினியில ராத்தா மெதுவா: "பெருமாள் மேலதான் ஈக்கிறார், தெரியுமா?"

தெரியாது. பெருமாள் அண்ணன் கீழ் வரிசைக் கடைசி வீடு. அவர் பெண்சாதி சரோஜா அக்கா போனது அந்த வீட்டுக் குசினியோட. அன்னைக்கு அண்ணன் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில. மகன் வீட்டுக்குப் போயிட்டார்னு நினைச்சிருந்தோம்.

"முன் அறை மட்டும் நிக்கிதாம், அதுக்குள்ள ஈக்கிறார். வெள்ளிக்கு வெள்ளி எறங்கி வந்து அரிசி வாங்கிட்டுப் போறார். எங்கட ஆள் எவ்வளவோ சொல்லிப் பாத்தாச்சு. நீங்களாச்சும் சொல்லுங்க மகேஸ். இப்ப பின்னேரத்துல மழை தொடங்கிட்டுது."

இவருக்குச் சொன்னேன். "ஆ"ன்னார்.


மார்ச் 29, ஞாயிறு. கீக்கணக்கு

உடம்பெல்லாம் வலி. கால்ல கொப்புளம், இடது.

ஏத்தம். ரோட்டு ஓரத்துல எங்க பாத்தாலும் சிவப்பு மண் வெட்டுக்காயம் மாதிரி. மண் மூட்டை அடுக்கி, ஒத்தைப் பாதை. ஒவ்வொரு இடத்துலயும் இவர் நின்னு அண்ணாந்து பாக்கிறார். மேல இருக்கிற மரம் சாஞ்சிருக்கான்னு. நான் பூவைத் தேடிக்கிட்டுப் போறேன், இவர் விரிசலைத் தேடிக்கிட்டு வாறார்.

ஒரு வளைவுல சண்டை. எப்படித் தொடங்கிச்சுன்னு சரியா ஞாபகம் இல்ல. கோப்பி மரத்துல வெள்ளையா பூ, மழைக்கு வெடிச்சது, அந்த வாசனை. "நம்ம பின்பக்கத்துலயும் பூத்திருக்கும்"னேன்.

"பூத்திருந்தா?"

"பூத்திருந்தான்னா என்ன அர்த்தம்? வீடு நிக்குதில்லயா? நின்ன வீட்டை விட்டுட்டு யாராச்சும் ஓடுவாங்களா?"

"நின்னது நம்ம கெட்டிக்காரத்தனமா?"

"உங்களுக்குக் கவலையே இல்ல."

"சரி. இல்ல."

"கல்லு சுமந்து கட்டினோம். அந்தக் குசினிச் சுவர் பூசினது நான்."

"மகேஸ், ரோட்டுல நின்னு கத்தாத."

ஒரு வான் போச்சு. உல்லாசப் பயணிங்க, ரிவர்ஸ்டன் பாக்கப் போற ஆளுங்க. பாட்டுச் சத்தம். ஜன்னலால கைய நீட்டி எரபதுவைப் படம் எடுக்குதுங்க. அதுங்க போற வரைக்கும் ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு நின்னோம். பிறகு இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ரெண்டு மணிக்கு மேல இடி. ஓடிப் போய் ஒரு தேத்தண்ணிக் கடை. சிங்கள அம்மா, நல்லா தமிழ் பேசுறா. பிளேன்டீ, பணிஸ். மழை தகரத்துல விழுந்ததும் கடைக்குள்ள இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க. யாரும் ரோட்டைப் பாக்கல. எல்லாரும் கடைக்குப் பின்னால இருக்கிற மலையைப் பாத்தாங்க. ஒரு ஆள் டீயைக் குடிக்காம கையிலயே வச்சிக்கிட்டு இருந்தார். அந்த அம்மா சொன்னா: "இப்ப மழை வந்தா நான் பெரிய பாத்திரம் வைக்கிறது இல்ல. ஓடணும்னா அடுப்பை அணைக்க லேசா இருக்கணும்."

முன்னெல்லாம் பங்குனி மழைக்குக் காத்துக்கிட்டு இருப்போம். கோப்பிக்கு நல்லது, மிளகுக்கு நல்லது.

மழை விட்டு, மெதுவா ஏறி, கீக்கணக்குக்கு வந்தாச்சு. கீழ் டிவிசன். இவருக்குத் தங்கச்சி முறை, சாந்தி, லயத்து வீட்டு வரிசையில ஒரே ஒரு அறை, காம்பரா. பிள்ளைங்களைப் பக்கத்துப் பாட்டி ரூம்ல படுக்கப் போட்டுட்டு எங்களுக்குப் பாய் விரிச்சிருக்கா. சுடுதண்ணி வச்சுத் தந்தா காலுக்கு.

இங்க எரபது பாதி பூ, பாதி மொட்டு.

இவர் குறட்டை விடல. விழிச்சிட்டு இருக்கார்னு அர்த்தம். நான் கேக்கல.


மார்ச் 30, திங்கள். கீக்கணக்குப் பள்ளிக்கூடம்

எழுத்து கோணலா வருது. இருந்தாலும் எழுதணும்.

காலையில நல்ல வெயில். தேயிலைக்குள்ள குறுக்குப் பாதை. கவாத்து வெட்டின மலையில எல்லாம் புதுக் கொழுந்து. மேல போகப் போகக் குளிரு. மேக்கணக்கு மரத்துல மொட்டுதான், எண்ணெய் தேச்ச மாதிரி கறுப்புக் கூர். நுனியில ரெண்டு மூணு செவப்பு.

வளைவு திரும்பினதும் தெரிஞ்சது.

பச்சை. மண்ணா இருக்கும்னுதான் நினைச்சு வந்தேன். கார்த்திகையில கடைசியாப் பாத்தப்ப மலையை உரிச்ச மாதிரி கிடந்துச்சு. இப்ப இடுப்பளவு புல். மஞ்சப்பூ, ஊதாப்பூ. தும்பி. வீடுங்க இருந்த இடம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. புல்லுக்குள்ள ஒரு தண்ணி டாங்கி பாதி தெரியுது. பாலர் பள்ளிப் பக்கம் நான் திரும்பல. அங்க நான் படிப்பிச்ச பிள்ளைங்கள்ல ரெண்டு பேர் இந்தப் பச்சைக்குள்ள.

எங்க வீடு நிக்குது. சுவர்ல பாசி. சிவப்புத் தாள் வெயில்ல வெளுத்து ரோஸ் ஆயிட்டு. பூட்டு துருப் பிடிச்சிருந்தாலும் திறந்துச்சு. உள்ள எலிப் புழுக்கை, பூஞ்சண வாசம். அலுமாரி அப்படியே. நான் நேரா விளக்குமாறைத் தேடி எடுத்துக் கூட்டத் தொடங்கிட்டேன். ஒரு அறை, ரெண்டாவது அறை. பின்கதவைத் திறந்தா கோப்பிப் பூ. வெள்ளை, வரிசை வரிசையா, தேனீ மொய்க்குது. அந்த வாசனை உள்ள வந்ததும் எனக்குத் தீர்மானம் ஆயிட்டு. நான் இறங்க மாட்டேன். அடுப்பை மெழுகி, சுள்ளி பொறுக்கி, தண்ணி வச்சேன். இவர் வீட்டைச் சுத்திக்கிட்டு இருந்தார்.

பெருமாள் அண்ணன் புகையைப் பாத்துட்டு ஏறி வந்தார். தாடி. இளைச்சுப் போயி, சட்டை தோள்ல தொங்குது. "யாரு? டீச்சரா! வா தங்கச்சி, வா. சாப்பிட வா, ஆக்கி வச்சிருக்கேன்."

அவர் வீட்டுல முன் அறையும் ஒரு பக்கச் சுவரும். பின்னால ஒண்ணும் இல்ல, சாக்குத் தொங்குது. ஒரு ஆடு, ரெண்டு குட்டி, போன கிழமை போட்டதாம். சாக்கைத் தூக்கிக் காட்டினார். குசினி இருந்த இடத்துல பூசணிக் கொடி படர்ந்து கிடக்கு, மஞ்சப் பூவா.

சோறும் பூசணிக் கறியும். நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன்.

"சாப்பிடு தங்கச்சி. சரோஜா கழுவி ஊத்துற இடத்துல விதை விழுந்தது. அவ கறிதான்."

சாப்பிட்டேன்.

இவர் கேட்டார்: "அண்ணே, மகன்கிட்டப் போகலாமே?"

"அங்க போயி? மருமக டிவி பாக்கிற அறையில படுத்துக்கிட்டு... இங்க காலையில எழும்பினா அவகூட ரெண்டு வார்த்தை பேசலாம்."

"இது ஆபத்து அண்ணே."

"இருக்கட்டும்யா. எடுத்தா எடுக்கட்டும்."

நாங்க திரும்பி வீட்டுக்கு வந்தப்ப வானம் மூடிட்டு. குசினிக்குள்ள போன இவர் கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "மகேஸ், இங்க வா."

பின் சுவரும் தரையும் சேர்ற மூலையில தண்ணி. நான் கூட்டினப்ப இல்ல. விரல் தடிப்புல ஊறி வருது, தெளிஞ்ச தண்ணி இல்ல, மண் கலர், டீ மாதிரி. நான் மெழுகின அடுப்பைச் சுத்திக்கிட்டு வாசல் பக்கம் ஓடுது. மழை இன்னும் ஒரு சொட்டுக் கூட விழல.

மலையில பிறந்த யாருக்கும் இதுக்கு விளக்கம் தேவையில்ல. அன்னைக்கும் மலை சரியிறதுக்கு முந்தி கீழ் வரிசையில இப்படித்தான் ஊறிச்சாம்.

இவர் என் கையப் பிடிச்சார். "இறங்கு."

"அண்ணன்?"

ஓடினோம். முதல் சொட்டு விழுந்துட்டு. பெருமாள் அண்ணன் வாசலுக்கு உள்பக்கம் உக்காந்து ஆட்டுக்குத் தழை போட்டுக்கிட்டு இருக்கார்.

"அண்ணே, எழும்புங்க. எங்க குசினியில மண் தண்ணி வருது."

"அப்படியா." எழும்பல.

"எழும்புங்கண்ணே!"

"நீங்க போங்க. பிள்ளை குட்டி இருக்கு உங்களுக்கு. நான் எதுக்கு ஓடணும், யாருக்கு?"

இவர் தோளைப் பிடிச்சு இழுத்தார். அண்ணன் தட்டி விட்டார். "தொடாத சிவா. சொல்லிட்டேன்." இவர் கத்தினார். கெட்ட வார்த்தை கூடச் சொன்னார், கல்யாணம் கட்டி நான் கேட்டதே இல்ல. அண்ணன் தழையை ஒண்ணொண்ணா கிள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கார். மழை தடிச்சிட்டு.

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. உள்ள போயி அவருக்குப் பக்கத்துல தரையில விரிச்ச சாக்குல உக்காந்தேன்.

"என்ன தங்கச்சி, மிரட்டிப் பாக்கிறியா?"

"இல்லண்ணே. எனக்கும் இறங்க மனசு இல்ல. காலையில இருந்தே."

சொன்ன பிறகுதான் தெரிஞ்சது அது நடிப்பு இல்லன்னு. அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு, மலையை விட என்னை நினைச்சு.

இவர் வாசல்ல நின்னு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தார். முகத்துல தண்ணி ஓடுது. அப்புறம் குனிஞ்சு உள்ள வந்து எனக்குப் பக்கத்துல உக்காந்துட்டார். மூணு பேரும் சுவர்ல சாஞ்சு, மழையைப் பாத்துக்கிட்டு. ஆடு கத்துது.

எவ்வளவு நேரம்? கொஞ்சம்தான் இருக்கும்.

பெருமாள் அண்ணன் இவர் முகத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார். "உங்க மக கொழும்புல என்ன வேலை செய்யுது?"

"துணிக்கடையில, கணக்குப் பாக்குது" இவர்தான் சொன்னார்.

"நீங்க போயிட்டா அந்தப் பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

"தெரியாது அண்ணே."

"பைத்தியக்காரப் பயலுக"ன்னு திட்டிக்கிட்டே எழும்பினார். எழும்பும்போது அழுகை. "ரெண்டு பேரும் பைத்தியம். சாகிறதுன்னா தனியா சாக விட மாட்டீங்களா?" ஒரு குட்டியை என் மடியில போட்டார், இன்னொண்ணை இவர் கையில. ஆட்டுக் கயித்தை அவர் பிடிச்சார். பொலித்தீனைத் தலைக்கு மேல போட்டுக்கிட்டு, குறுக்குப் பாதை வேணாம்னு தேயிலை மேட்டு மேலயே நடந்தோம். ரெண்டு இடத்துல விழுந்தேன். குட்டி என் சேலையில மூத்திரம் போச்சு, சூடா. அந்தக் குளிருக்கு அது கூட நல்லாத்தான் இருந்துச்சு.

இப்ப பள்ளிக்கூடத்துல. சாந்தி உலர்ந்த துணி கொண்டு வந்தா. அண்ணன் வகுப்பறை வாங்குல, பெஞ்சுலதான், படுத்துட்டார். குட்டிங்க மேசைக்கு அடியில. மழை விட்டு வெளிச்சம் கொஞ்சம் வந்திருக்கு. மேல இருந்து சத்தம் ஒண்ணும் வரல.


மார்ச் 31, செவ்வாய்

வெயில். கழுவி விட்ட மாதிரி வானம். குயில் கத்திக் கொல்லுது.

மலை விழல.

பெருமாள் அண்ணன் விடிஞ்சதும் வெளிய நின்னு பாத்துட்டு வந்தார். "பாத்தீங்களா? இருக்கு. ஊரைக் கூட்டி என்னை இழுத்துட்டு வந்தீங்க." ஆட்டைப் பிடிச்சிக்கிட்டு மேல கிளம்பிட்டார். இவருக்கு முகம் சுருங்கிப் போச்சு. எனக்கும் வெட்கம். கூடவே உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், பொய் சொல்லக் கூடாது. வீடு நிக்குதுன்னா நான் ஜெயிச்சேன்.

மூணு பேரும் ஏறினோம். எல்லாம் நேத்து மாதிரியேதான். பச்சை, பூ, தும்பி. சுவர் நேரா நிக்குது. நான் முன்னால போயி சாவியைப் போட்டேன். பூட்டு திறந்துச்சு.

கதவு திறக்கல.

தள்ளினேன். தோளைக் குடுத்துத் தள்ளினேன். இவர் வந்து தள்ளினார். மேல் நிலைக் கட்டை இறங்கி கதவு மேல உக்காந்திருக்கு. நேத்து லேசாத் திறந்த கதவு. சாவித் துவாரத்துக்கு நேரா நிலைக் கட்டையில புது வெடிப்பு, மரம் உள்ள வெள்ளையாத் தெரியுது.

பக்கத்து ஜன்னலால பாத்தேன். நான் கூட்டின தரை. நடுவுல கோடு போட்ட மாதிரி பிளந்து, ஒரு பக்கம் ஒரு சாண் ஏறி நிக்குது. அலுமாரி முன்னுக்குச் சாஞ்சு. குசினிச் சுவர், நான் பூசினது, வயிறு மாதிரி உள்பக்கம் புடைச்சிருக்கு. மலை சத்தமே இல்லாம செஞ்சிருக்கு. ராத்திரி பூரா எங்க யாருக்கும் கேக்கல. உள்ள படுத்திருந்தா இந்தக் கதவை எப்படித் திறந்திருப்போம்?

ரெண்டு பேரும் அந்த ஜன்னல்லயே நின்னோம்.

பெருமாள் அண்ணனும் எட்டிப் பாத்தார். இறங்கிப் போயி அவர் வீட்டுல இருந்து சட்டி, அரிசிப் பை, ஒரு போர்வை எடுத்துக்கிட்டு வந்தார். பூசணி ரெண்டு காய். மறுபடி போனார். சாக்குப் பக்கம் நின்னு ஏதோ பேசினார், தூரத்துல இருந்து கேக்கல. நாங்க திரும்பி நின்னுக்கிட்டோம்.

இவர் ஜன்னல் கம்பிக்குள்ளால கைய விட்டு ஆணியில தொங்கின துஷாவோட பள்ளிக்கூடப் படத்தை எடுத்தார். வேற எதுவும் எட்டல.

பூட்டைத் திரும்பவும் போட்டேன். ஏன்னு தெரியல. போட்டாத்தான் கால் நகர்ந்துச்சு.


ஏப்ரல் 1, புதன். மாத்தளை

பஸ்லதான் வந்தோம். நடக்க முடியல. ஜன்னல் ஓரத்துல பூ எல்லாம் தலைகீழா: மொட்டு, பாதி, முழுசு, கொட்டினது. ஒரு மணித்தியாலத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு.

பெருமாள் அண்ணன் சாந்தி வீட்டுல, இப்போதைக்கு. ஆட்டுக்கு இடம் இருக்கிறதால ஒத்துக்கிட்டார். பஸ் ஏறும்போது இவர்கிட்ட: "காணி எங்க குடுத்தாலும் சரி சிவா. ஆனா உங்க வேலிக்கு அடுத்த வேலி." இவர் தலையை ஆட்டினார்.

எனக்குக் காய்ச்சல் வாற மாதிரி. மல்லித் தண்ணி. கொப்புளம் உடைஞ்சிட்டு. ரத்தம் வடிஞ்சு காஞ்சிருக்கிறதை இப்பதான் பாத்தேன், அட்டை கடிச்சது, எங்க கடிச்சதோ.

ஜி.எஸ். நம்பரை நானே போட்டு இவர் கையில குடுத்தேன். "வேணும்னு சொல்லுங்க."

சொன்னார். சொல்லிட்டு போனை ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தார்.


ஏப்ரல் 4, சனி

நாவுலை. காணி பாக்கப் போனோம். சரியான வெக்கை. பஸ் ஸ்டாண்டுக் கடையில ஒரு குடை வாங்கிக்கிட்டேன்.

காட்ட வந்த ஆள் நல்ல மனுஷன். முளைக்கட்டை அடிச்சு நூல் கட்டி வச்சிருக்காங்க. "இது உங்கட, அடுத்தது அந்த பெருமாள் ஐயாட" சிங்களத்துலயும் தமிழ்லயும் கலந்து சொல்லிட்டு மோட்டர் சைக்கிள்ல போயிட்டார். வயல்ல அறுப்பு முடிஞ்சு தாள் மட்டும். மயில் கத்துது. விளாமரம் ஒண்ணு, நம்ம எல்லைக்குள்ள. இங்கயும் எரபது இருக்கு, இலை வந்து சாதாரண மரமா நிக்குது.

இவர் நாலு பக்கமும் நடந்தார். மண்ணைக் காலால கிளறி, எடுத்து மோந்து பாத்து, "நல்ல மண்ணு"ன்னார். "குசினி இங்க. நமக்குன்னு ஒரு கெணறு அந்த மூலையில தோண்டலாம். பெருமாள் அண்ணனோட ஆட்டுக்கு அந்தப் பக்கம்." கைய நீட்டி நீட்டிக் காட்டினார். நானும் ம்ம், ம்ம். இந்த மனுஷனுக்கு எல்லாம் எவ்வளவு சுலபம்னு நினைச்சேன். கசப்பாத்தான் நினைச்சேன், எழுதி வைக்கிறேன்.

"வாசல்..."னு தொடங்கினவர் நிறுத்திட்டார்.

திரும்பிப் பாத்தேன். தெற்கால பாத்துக்கிட்டு நிக்கிறார். மரங்களுக்கு மேல நீலமா, தேஞ்சு போன கோடு மாதிரி, மலை. எங்க மலைத் தொடர்தான். இந்தப் பக்கத்துல இருந்து நான் பாத்ததே இல்ல.

"மகேஸ்."

"என்னங்க?"

"வாசலை மலை தெரியிற பக்கம் வைக்கிறதா, தெரியாத பக்கம் வைக்கிறதா?"

நான் பதில் யோசிக்கிறதுக்குள்ள இவர் அப்படியே தரையில உக்காந்துட்டார். கட்டாந்தரை, முள்ளு. முழங்காலுக்குள்ள முகத்தை வச்சிக்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி, சத்தமா அழுகை. ரோட்டுல போன ஒரு ஆள் சைக்கிளை நிறுத்திட்டுப் பாத்தான். போகச் சொல்லிக் கை காட்டினேன்.

கார்த்திகையில இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாத மனுஷன்.

பக்கத்துல போயி நின்னு குடையை அவருக்கு மேல பிடிச்சேன். மாத்தளை பஸ் வந்து, ஹோர்ன் அடிச்சு, எங்களுக்காகக் கொஞ்சம் நின்னு, போயிட்டு.